பெட்டியை ஒப்படைத்தவுடன்

அத்தியாயம் 4

"இதுக்கு மேலயா அந்தப் பெட்டியை வைக்கப் போறீங்க, தொரை?" என்று கேட்டாள் பேச்சியம்மா. "யானைக்குக் கைப்புள்ளைச் சட்டையைப் போட்ட மாதிரியில்ல இருக்கும்?"

அந்த யானை ஆற்றுமேட்டுத் தோட்டத்து லொறிக் கொட்டகையில் நின்றது. யுத்தத்துக்காகக் கப்பலேறி வந்து, யுத்தம் முடிந்து பதினான்கு வருடமாகியும் திரும்பிப் போகாத பட்டாளத்து லொறி. எஞ்சின் இன்னும் உறுமும். பின்னாலிருந்த மரப்பெட்டி மட்டும் மலை மழையில் உளுத்து உதிர்ந்துபோய், இரும்புச் சட்டம் முதுகெலும்பாகத் தெரிந்தது.

திருட்டுப்போனது வேறொரு பெட்டி. பிரிங்கிள் துரையின் புத்தம்புதிய பிக்கப் போன மாதம் கிளப்பிலிருந்து வரும் வழியில் தேயிலைக்குள் இறங்கி மூக்கை உடைத்துக்கொண்டது. பாதை நகர்ந்துவிட்டதாகத் துரை அறிக்கை எழுதினார். மூக்குப் போனாலும் பிக்கப்பின் பின்பெட்டியில் ஒரு கீறல் இல்லை. அதைக் கழற்றி லொறியின் முதுகில் பூட்டினால் தோட்டத்துக்கு ஒரு புது வாகனம் கிடைக்கும் என்று துரைக்கு ஞானம் பிறந்தது. தாமே நாடா பிடித்து அளந்தார். தாமே படம் வரைந்தார். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கொழும்பிலிருந்து கம்பனியின் பெரிய துரை வருகிறார். அவரை அந்த வாகனத்தில்தான் தோட்டத்து மேற்பிரிவுக்கு ஏற்றிப் போவதாகக் கடிதமும் போயாகிவிட்டது.

நேற்று முன்தினம் பெட்டியைக் காணோம். லொறி டிரைவர் சிவசாமியையும் காணோம்.

"ரெண்டும் ஒன்னாப் போச்சு," என்றார் துரை, முப்பது வருடமாகத் தோட்டத்தில் பழகிய தமிழில். "அவன் திருடிட்டு ஓடிப் போச்சு. போலீஸ் வேணாம், பெரிய தொரை காதுக்குப் போகும். நீ தேடு. இன்னைக்கு நாலு மணி வரைக்கும். பெட்டி வரல்லே, பத்துச்சீட்டு! பொண்டாட்டி, புள்ளை எல்லாம் காம்பராவுக்கு வெளியே!"

பத்துச்சீட்டு என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்றோடு உனக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று எழுதிக் கையில் கொடுக்கிற சீட்டு. பேச்சியம்மாவின் சேலை மடிப்புகளுக்கு அடியிலும் ஒன்று கிடக்கிறது. பதினோரு வருடம் கொழுந்து பறித்தவள், ஒருநாள் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டாள். இப்போது ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் லோரன்ஸின் துப்பறியும் நிலையத்தில் உதவியாளர். அங்கே கூடுதலாகப் பேசுவதுதான் அவள் வேலை. ஏனென்றால் லோரன்ஸ் பேசுவதே இல்லை.

அவருடைய மௌனங்களை அவள் பஸ் தூரத்தில் அளந்து வைத்திருந்தாள். ஹட்டனிலிருந்து டிக்கோயா வரை போகிற மௌனம் சாதாரணம். நோர்வூட் வரை போனால் ஏதோ அகப்பட்டிருக்கிறது. பொகவந்தலாவை வரை போய்விட்டால் யாருக்கோ கெட்ட காலம்.

துரை நாயை விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனார். பெரிய கிளாக்கர் அம்பலவாணர் மட்டும் கொட்டகையில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"இந்த லொறி எந்த வருசம் வந்துச்சுங்க, ஐயா?" என்றாள் பேச்சியம்மா.

"நாப்பத்திமூண்டு."

"பதிவு இருக்கா?"

"ஓம், எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான். அப்ப இது இந்த நாட்டுப் பிரஜை. எங்க தாத்தா இதுக்கு அறுவது வருசம் முந்திக் கப்பலேறினாரு. எங்களுக்குத்தான் இன்னும் பதிவாகல."

அம்பலவாணர் சிரிக்கலாமா என்று யோசித்து, யோசித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

லோரன்ஸ் மூலையில் குந்தியிருந்தார். பெட்டி இருந்த இடத்தில் நான்கு கற்கள். பக்கத்தில் ஒரு பால்டின். அதை எடுத்துப் பேச்சியம்மாவிடம் நீட்டினார். உள்ளே ஆறு போல்ட்டுகள். ஒவ்வொன்றிலும் அதனதன் நட்டு அழகாகத் திருகப்பட்டு, மேலே கிரீஸ் பூசியிருந்தது.

"பெட்டியைத் தூக்கிட்டுப் போற அவசரத்துல போல்ட்டை விட்டுட்டுப் போவான், சரி," என்றாள் அவள். "நட்டைத் தேடித் தேடி மாட்டி, துரு ஏறாம கிரீசும் தடவி வைச்சிட்டா போவான்? இம்புட்டுப் பொறுப்பான திருடனை நான் பார்த்ததில்ல."

"திரும்பி வர்றவன் செஞ்ச வேலை," என்றார் லோரன்ஸ். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல்முறை.

பிறகு லொறியின் பின்பக்கம் போய்த் தம் குடையை விரிக்காமல் குறுக்கே வைத்து அளந்தார். பக்கத்துக்கு இரண்டு சில்லு, ஆக நான்கு சக்கரம். துரையின் அளவு பக்கத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதியிருந்தது. கீழே துரையின் கையெழுத்தும் இருந்தது.

"பக்கத்துக்கு ஒரு சாண் கூட வருதே!" என்றாள் பேச்சியம்மா. "பெட்டியை வைச்சா அதோட மட்கார்டு டயர் மேலல்ல உக்காரும். தொரை எதைங்க அளந்தாரு?"

"அது, போன மாசம் வெளிச்சில்லு ரெண்டும் டயர் மாத்த ஹட்டனுக்குப் போயிருந்தது. அண்டைக்குத்தான் துரை நாடாவைப் பிடிச்சவர்..." என்ற அம்பலவாணர் சட்டென்று நிறுத்தினார். பேனா மூடி கீழே விழுந்தது.

லோரன்ஸ் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார். கிளாக்கரின் முகத்தைப் பார்த்தார். அந்த மௌனம் நோர்வூட்டைத் தாண்டிப் போனது.

பஸ் பாதைக்குப் போகும் வழியில்தான் சிவசாமியின் லயம். அவன் மனைவி சண்முகவடிவு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள் பாதி ரொட்டியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

"அவுரு எங்க போனாருன்னு எனக்கென்னங்க தெரியும்?" என்றாள், மாவைவிட்டுக் கண்ணெடுக்காமல். "நாலு மணிக்குக் காம்பராவைக் காலி பண்ணணும்னு கங்காணி சொல்லிட்டுப் போயிட்டாரு. சட்டி பானையைக் கட்டணும்."

ஒரு சட்டியும் கட்டியிருக்கவில்லை. பேச்சியம்மா தட்டத்தில் இருந்ததை எண்ணினாள்.

"ஒன்பது ரொட்டி. நீங்க மூணு பேரு."

"பசிக்குதுங்க."

"பசிக்கட்டும், பசிக்கட்டும்."

வெளியே வந்ததும் அவள் லோரன்ஸிடம் சொன்னாள்: "புருசனைக் காணாத பொம்பளைக்கு மூக்கு சிவந்திருக்கணும் சார். இவளுக்குக் கைதான் சிவந்திருக்கு."

பொகவந்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லோரன்ஸ் நேரே கொல்லர் மத்தியாஸின் பட்டறைக்கு நடந்தார். காரணத்தைப் பேச்சியம்மாவே கண்டுபிடித்துக்கொண்டாள். பெட்டியை எடுத்தவன் திரும்ப வைக்க நினைத்தவன். வைத்தால் பொருந்தாது என்று தெரிந்தவன். பொருத்தவேண்டுமானால் மட்கார்டை வெட்டி அகட்டவேண்டும். அந்தக் கடைவீதியில் அந்த வேலைக்கு மத்தியாஸை விட்டால் ஆளில்லை.

"பெட்டியா? வந்துச்சுண்ணே," என்றார் மத்தியாஸ், துருத்தியை நிறுத்தாமல். "வந்த வழியே போயிடுச்சு."

"எந்தப் பெட்டின்னு தெளிவாச் சொல்லுங்க," என்றாள் பேச்சியம்மா. "போன தடவை பெட்டி வந்துச்சுன்னு ஒருத்தர் கூட்டிட்டுப் போய்ப் பொணத்தைக் காட்டிட்டாரு."

"பிக்கப் பெட்டிம்மா. சிவசாமி மாட்டு வண்டியில கொண்டாந்தான். கையில ஒரு காயிதம். அவனுக்குப் படிக்க வராது, நான்தான் சத்தமா வாசிச்சேன். வாசிச்சு முடிக்கல, அவன் மொகம் சுண்ணாம்பாப் போச்சு. மாட்டைத் திருப்பி ஓட்டிட்டான். இந்தா, காயிதத்தைக்கூட விட்டுட்டுப் போயிட்டான்."

லோரன்ஸ் அதைத் தாம் படிக்காமல் பேச்சியம்மாவிடம் கொடுத்தார். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள். உரக்கப் படித்தாள்.

"மத்தியாஸுக்கு. இத்துடன் வரும் பெட்டியின் மட்கார்டுகளை இருபுறமும் ஒரு சாண் அகட்டி அமைக்கவும். பெட்டியை ஒப்படைத்தவுடன் சிவசாமிக்குப் பத்துச்சீட்டு..."

அவள் குரல் அங்கேயே நின்றுவிட்டது. ஏதோ ஒரு மழைநாளில், ஒரு ஆபீஸ் யன்னல் வழியாகத் தன் கைக்கு வந்த காகிதத்தின் ஈரம் விரலில் தட்டியது.

"...கொடுக்கவும். விஷயம் துரைக்குத் தெரியவேண்டாம். அம்பலவாணர்." காகிதத்தை மடித்தாள். "படுபாவி! வேலையை வாங்கிட்டு வெரட்டவா பார்த்தாரு?"

"எனக்கும் அதுதான் புரியல," என்றார் மத்தியாஸ். "பத்துச்சீட்டு குடுக்க நான் என்ன தொரையா?"

லோரன்ஸ் காகிதத்தைத் திரும்ப விரித்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். "எழுத்தைப் பாரு பேச்சி. வாயை நம்பாதே."

பற்றுச்சீட்டு என்று எழுதியிருந்தது. இரண்டு றகரமும் மணி மணியாக இருந்தன.

"அம்பலவாணர் ஊருல, சாமானைக் கொடுத்தா வாங்கிக்கிட்டேன்னு எழுதித் தர்ற துண்டுக்கு இதுதான் பேரு," என்றார் லோரன்ஸ். "பெட்டி வந்து சேர்ந்துச்சுன்னு மத்தியாஸ் ஒரு வரி எழுதிக் கொடுக்கணும். அவ்வளவுதான் அவர் கேட்டது. நம்ம வாயில ரெண்டும் பத்துத்தான்."

பேச்சியம்மா சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினாள். "பெட்டியை ஒப்படைச்சவுடனே சீட்டு. அப்ப ஒப்படைக்காத வரைக்கும்..."

"சீட்டு இல்ல."

"அதான் பெட்டியோட குந்தியிருக்கான்! எங்கயோ!"

அந்த எங்கேயோ அப்போதே பட்டறையைத் தாண்டிப் போயிற்று. சண்முகவடிவு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு துணி மூட்டையோடு, அம்மன் கோயில் பக்கமாக விரைந்தாள்.

"அம்மனுக்கு ரொட்டிப் படையல் போல," என்றாள் பேச்சியம்மா.

மூவரும் அவள் பின்னாலேயே போனார்கள். கோயிலுக்குப் பின்னால் தேர்க் கொட்டகை. தேருக்குப் பக்கத்தில் மாடு அவிழ்த்த வண்டி, வண்டிமேல் பிக்கப் பெட்டி, பெட்டிக்குள் இரண்டு நாள் தாடியோடு சிவசாமி. உற்சவம் முடிந்து இறக்க மறந்துபோன சாமி மாதிரி இருந்தான்.

"யாரு வந்தாலும் எறங்க மாட்டேன்!" என்று கத்தினான். "எறங்கினா ஒப்படைச்ச மாதிரி!"

பேச்சியம்மா அவனுக்கு விளக்கினாள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. சண்முகவடிவு மூட்டையை அவிழ்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமான் குடுத்தாலும் அதே பேரு, ஆளை வெரட்டினாலும் அதே பேரா?" என்றான் சிவசாமி.

"தொரைமாருக்கு ரெண்டும் ஒரே கணக்குத்தானே அண்ணே."

"இந்தக் கதையெல்லாம் வேணாம் தங்கச்சி. அந்த நல்ல சீட்டை என் கையில காட்டுங்க. தொரை கையெழுத்தோட காட்டுங்க. எறங்குறேன்."

மணி இரண்டரை. லோரன்ஸ் மத்தியாஸைப் பார்த்தார். மத்தியாஸ் அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, உளியும் சம்மட்டியும் எடுத்துவரப் போனார். பெட்டி பட்டறைக்குப் போகாவிட்டால் பட்டறை பெட்டிக்கு வரவேண்டியதுதான். சிவசாமி உள்ளே உட்கார்ந்தபடியே இருக்க, வெளியே மட்கார்டு வெட்டுப்பட ஆரம்பித்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, தோட்டத்து ஆபீசில் லோரன்ஸ் அந்தக் கடிதத்தை அம்பலவாணரின் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் டிக்கோயாவைக்கூட எட்டவில்லை. அதற்குள் பெரிய கிளாக்கர் உடைந்துவிட்டார்.

"நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ! துரையிட்டைப் போய், உங்கட அளவு பிழையெண்டு ஆர் சொல்லுறது? எனக்கு முந்தியிருந்தவர் ஒருநாள், துரை, உங்கட மணிக்கூடு பிந்துது எண்டு சொன்னவர். அந்தக் கதிரையிலைதான் இப்ப நான் இருக்கிறன். சத்தமில்லாமல் திருத்திவைப்பம் எண்டு பார்த்தன். பெட்டியும் போய், ஆளும் போன பிறகு வாயைத் திறந்தால் நானும் போவன்."

"அதுக்காக ரெண்டு பொம்பளப் புள்ளைக நடு ரோட்டுக்குப் போகட்டுமா?" என்றாள் பேச்சியம்மா.

அம்பலவாணர் மேசையைப் பார்த்தார். அவருடைய காது சிவந்தது.

"இப்ப துரை வருவார்," என்றார் லோரன்ஸ் மெதுவாக. "பற்றுச்சீட்டு எழுதச் சொல்வார். நீங்க அவர் சொல்லைத் தட்ட வேண்டாம்."

பேனா மூடி கழன்று, மாட்டப்படாமல் அப்படியே நின்றது.

துரை நாயோடு வந்தார். "பெட்டி?"

"இன்னும் வரேல்லை, துரை."

"அப்போ பத்துச்சீட்டு எழுது. இப்பவே எழுது."

"தமிழிலையோ, துரை?"

"தமிழ்! அவனுக்குப் புரியணும்!"

அம்பலவாணர் எழுதினார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் இத்தனை அழகாக எழுதியதில்லை. துரை நின்றபடியே கையெழுத்தைக் கிறுக்கினார். கண் நாயின் மேல் இருந்தது. நாய் லோரன்ஸின் குடையை மோந்துகொண்டிருந்தது.

அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே சிவசாமி இறங்கினான்; பெட்டி ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டகைக்கு வந்தது. மறுநாள் காலை எட்டரைக்கு யானை சட்டையோடு நின்றது. அடியில் ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகள் கொடுத்து, பால்டின்னில் காத்திருந்த ஆறு போல்ட்டுகளால் பெட்டி பூட்டப்பட்டிருந்தது. அகட்டிய மட்கார்டுகள் நான்கு சில்லுகளையும் கோழி குஞ்சை மூடுவதுபோல் மூடிக்கொண்டன. நீளத்தை மட்டும் மத்தியாஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டிரைவர் இருக்கைக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு பேர் தாராளமாக நின்று வெற்றிலை போடலாம்.

"அது எதற்கு அந்த இடைவெளி?" என்று கேட்டார் பெரிய துரை, காரை விட்டு இறங்கியதும்.

"காற்றோட்டம்," என்றார் பிரிங்கிள் துரை.

பேச்சியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகுதான் பிரிங்கிள் துரையின் கண்ணில் ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருந்தவன் பட்டான். முகம் பீட்ரூட் ஆயிற்று.

"நீ! நீ எப்படி இங்கே? உனக்குப் பத்துச்சீட்டு குடுத்தாச்சு!"

"குடுத்தீங்க தொரை," என்றான் சிவசாமி. குதித்து இறங்கி, மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான்.

அதை வாங்கியது பெரிய துரை. நாற்பது வருடத்துக்கு முன் தமிழ்ப் பரீட்சை எழுதிப் பாஸான பழைய ஆள். கண்ணாடியை மாட்டி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பற்... றுச்... சீட்டு. ஆற்றுமேட்டுத் தோட்டத்துக்குரிய பிக்கப் பெட்டி ஒன்று, மட்கார்டு அகட்டும் வேலைக்குப் பின், சாரதி சிவசாமியிடமிருந்து குறைவின்றிப் பெற்றுக்கொள்ளப்பட்டது." தலை நிமிர்ந்தார். "கீழே உங்கள் கையெழுத்துத்தானே, பிரிங்கிள்? நேற்றே பெற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது என்ன தகராறு?"

அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டார். சண்முகவடிவு இரண்டு பிள்ளைகளையும் முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

பிரிங்கிள் துரையின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லலாம். அல்லது மட்கார்டை ஏன் அகட்ட வேண்டியதாயிற்று என்பதைச் சொல்லலாம். அவர் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு எண்களைக் காணோம். விடியற்காலையில் யாரோ ஈரச் சாக்கால் துடைத்திருந்தார்கள். பேச்சியம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"தகராறு ஒன்றுமில்லை," என்றார் துரை கடைசியில். "நான்தான் வேலைக்கு அனுப்பினேன். மட்கார்டை அகட்டுவது என்னுடைய யோசனை. சிவசாமி நல்ல ஆள்."

"அருமையான யோசனை," என்றார் பெரிய துரை. ஏறி உட்கார்ந்தார்.

சிவசாமி கையை நீட்டினான். "சீட்டைக் குடுங்க தொரை. அது எனக்குள்ளது."

வாங்கி நான்காக மடித்து மடியில் செருகினான். பேச்சியம்மாவைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்தினான். "பத்துச்சீட்டு வாங்கியும் தோட்டத்துல இருக்குற ஆளு நான் ஒருத்தன்தான் தங்கச்சி."

யானை உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. பெட்டி ஒரு முறை குலுங்கி, அப்புறம் போல்ட்டுகளில் அடங்கியது. சண்முகவடிவு பிள்ளைகளைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள். பெரியவள் லொறிக்குப் பின்னால் வளைவு வரை ஓடினாள்.

திரும்பும் பஸ்ஸில் லோரன்ஸ் வழக்கம்போல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நோர்வூட் போயிற்று. டிக்கோயாவும் வந்தது. பக்கத்துச் சீட்டிலிருந்தும் ஒரு சத்தமும் இல்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

"என்ன பேச்சி?"

"ஒன்னுமில்ல சார்," என்றாள் அவள். "என் பத்துச்சீட்டு இங்கிலீசுல இருக்கு. இத்தனை வருசமா நான் அதைப் படிச்சதே இல்ல. ஹட்டனுக்குப் போனதும் எடுத்துத் தர்றேன். நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க."